எல்லை ஆற்றங்கரையில் ஏழு நாள்: தெற்கு டெக்சஸ் பறவைச் சுற்றுலா, ஒரு மதிப்பீடு

சென்ற பிப்ரவரி மாதத்தின் கடைசி வாரத்தை நானும் என் மனைவியும் அமெரிக்காவின் தென்கோடியில், டெக்சஸ் மாநிலம் மெக்சிகோவைத் தொடும் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில், ஒரு பறவைச் சுற்றுலா நிறுவனத்தின் ஏற்பாட்டில் கழித்தோம். ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கப் போனவர்கள் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மகளே பதிவு செய்து கொடுத்த பயணம் இது. ஆறு இரவு, ஏழு பகல். ஒருவருக்கு 2,650 டாலர். தங்குமிடம், வேன், வழிகாட்டி, நுழைவுக் கட்டணங்கள், காலை உணவு, மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். இரவு உணவு மட்டும் நம் கைச்செலவு. பறவைகளுக்காக அந்தப் பகுதிக்குப் போகலாமா என்று கேட்டால், தயங்காமல் போங்கள் என்பேன். இந்த வகை ஏழு நாள் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டால், இரண்டு நாளுக்கு மட்டும் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு மற்ற நாட்களில் நீங்களே சுற்றுங்கள் என்பேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை.

அந்தப் பகுதியை உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ‘வேலி’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல்தான் என்றாலும், மலையோ சரிவோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடையாது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டல் கொட்டி உண்டாக்கிய சமவெளி அது. இருபதடி உயர இரும்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கும் எல்லைச் சுவரை முதல் நாள் பார்த்த என் மனைவி, “ஏங்க, பேரைச் சரியாத்தான் வெச்சிருக்காங்க” என்றார். ஆறு தன் போக்கை மாற்றியபோது விட்டுச்சென்ற பழைய வளைவுகள் குளங்களாக நிற்கின்றன. அவற்றுக்கு ‘ரெசாக்கா’ என்று பெயர். முள்மரக் காடாக இருந்த நிலத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் எலுமிச்சை வகைத் தோட்டங்களாகவும் பருத்தி, வெங்காய வயல்களாகவும் நகரங்களாகவும் மாறிவிட்டது. எஞ்சிய துண்டுகள்தாம் இன்று பூங்காக்களாகவும் சரணாலயங்களாகவும் காக்கப்படுகின்றன. இந்த இழப்பு பறவை நோக்கருக்கு ஒரு வசதியையும் தருகிறது: வேறு போக்கிடம் இல்லாத பறவைகள் அந்தத் துண்டுகளுக்குள் நெருக்கமாக வாழ்கின்றன, அவற்றை எளிதில் பார்த்துவிடலாம். ரோமா நகரிலிருந்து சவுத் பாட்ரே தீவு வரை ‘உலகப் பறவை நோக்கு மையம்’ என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்பது இடங்களை இணைத்திருக்கிறார்கள்; வரைபடமும் பெயர்ப்பலகையும் சுத்தமான கழிப்பறையும் ஒவ்வொன்றிலும் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அங்கே முதலில் அறிமுகமாகிறவை மரங்கள்தாம். மெஸ்கீட் என்று அவர்கள் பெருமையாகக் காட்டும் மரம் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இராமநாதபுரத்தில் வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்கு நடக்கும் மரத்தின் பங்காளியை அங்கே நட்டு வளர்த்து, அதன் நிழலில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அது அதன் சொந்த மண். அங்கே அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. சப்பாத்திக்கள்ளியும் அப்படியே. வறண்ட முட்காட்டின் மணமும் வெயிலும் புழுதியும் ஒன்றாக இருந்ததால், பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்து விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்தோமோ என்ற ஐயம் அரை மணி நேரத்துக்கு எனக்கு இருந்தது. பிறகு மெஸ்கீட் கிளையில் ஒரு கிரீன் ஜே வந்து உட்கார்ந்தது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, நீலமும் கறுப்புமாகத் தலை. நம் வால்காக்கையைப் போல அதுவும் காக்கைக் குடும்பத்துப் பறவைதான் என்று சொன்னால் என் மனைவி நம்ப மறுத்தார்.

இனிக் குறைக்கு வருகிறேன். நிறுவனம் தந்த நிகழ்ச்சிநிரலில் ‘இலக்குப் பறவைகள்’ என்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் தடித்த எழுத்தில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பரவலாக வாழ்ந்து, வட எல்லையாக இந்த ஆற்றங்கரையை மட்டும் எட்டிப் பார்க்கிறவை. கிரேட் கிஸ்கடி என்ற மஞ்சள் வயிற்றுப் பறவை இங்கிருந்து அர்ஜென்டினா வரை கத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க எல்லைக்குள் எத்தனை இனங்களைப் பார்த்தேன் என்று கணக்கு வைக்கும் அமெரிக்கருக்கு இந்தப் பட்டியல் உயிர்நாடி. மைனசோட்டாவிலிருந்து வந்த எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் இதற்காகவே மூன்றாம் முறையாக வந்திருந்தார். நமக்கோ அந்த எல்லைக்கோட்டுக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. ஆற்றின் இந்தக் கரையில் பார்த்தால் ஒரு மதிப்பெண், அந்தக் கரையில் பார்த்தால் சுழியம் என்ற ஆட்டத்துக்காக நாங்கள் இழந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ட்ராபிக்கல் கிங்பேர்ட், கவுச்சஸ் கிங்பேர்ட் என்ற இரண்டு இனங்களும் தோற்றத்தில் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். குரல் கேட்டால்தான் பிரித்தறிய முடியும். கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு பறவை வாய் திறப்பதற்காகப் பதினோரு பேரும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஐம்பது நிமிடம் நின்றோம். அது வாய் திறக்கவே இல்லை. பக்கத்து வயலில் காராகாரா என்னும் இரைகொல்லிப் பறவை ஜோடி ஒன்று இறந்த விலங்கொன்றை இழுத்துக்கொண்டிருந்ததை நானும் என் மனைவியும் மட்டும் திரும்பி நின்று பார்த்தோம்.

வழிகாட்டியின் திறமையில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது வயதுக்குட்பட்ட அந்த இளைஞர் புதருக்குள்ளிருந்து வரும் ஒரே ஒரு ‘டிக்’ ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லுவார். பெயரோடு நில்லாமல் எப்படி அறிந்தார் என்பதையும் பொறுமையாக விளக்குவார். எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, ஒளிந்திருக்கும் பறவையை வெளியே இழுக்கப் பதிவு செய்த குரலை அவர் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டது. இணை தேடும் காலம் தொடங்கும் தறுவாயில், தன் எல்லைக்குள் அயலான் நுழைந்துவிட்டான் என்று எண்ணி அலையும் சிறு பறவையைப் பார்த்து மகிழ எனக்கு முடியவில்லை. இரண்டாம் நாள் மாலை இதைத் தனியாகச் சொன்னேன். மறுநாள் முதல் குறைத்துக்கொண்டார். வேனில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று விளம்பரத்தில் இருந்தது. வந்தது பதினோரு பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குச் சாலையோரப் பருந்துகள் எல்லாம் பிறர் வாயால் கேள்விப்பட்டவைதாம்.

வழிகாட்டி இல்லாமலே எல்லாம் கிடைக்கும் என்பதற்கு வெஸ்லாகோ நகரின் எஸ்டெரோ யானோ கிராண்டே மாநிலப் பூங்காவைச் சான்றாகக் காட்டுவேன். ஒருவருக்கு ஐந்து டாலர்தான் நுழைவு. வாசலைத் தாண்டியதும், ஆழமற்ற ஏரியின் மேல் நிழற்கூரையோடு ஒரு பெரிய மரத்தளம். அதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பது இனங்களைக் குறித்தேன். நம் ஊர்ச் சீழ்க்கைச்சிரவியின் உறவான கறுப்பு வயிற்றுச் சீழ்க்கை வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் இரண்டு நீரை வலமிடமாகத் துழாவிக்கொண்டிருந்தன. முக்குளிப்பான் குடும்பத்தின் குட்டி உறுப்பினரான லீஸ்ட் கிரீப் காலடியிலேயே மூழ்கி எழுந்தது. பூங்காவின் ஒரு பகுதி முன்பு வண்டிவீடுகளை நிறுத்தும் முகாமாக இருந்ததாம். அங்கே குடியிருந்தவர்கள் வைத்த பூச்செடிகளும் பழமரங்களும் அப்படியே இருப்பதால், பழுப்பு வயிற்று ஹம்மிங்பேர்ட் அங்கே நிரந்தரவாசி.

அதே பூங்காவின் முதலை ஏரிக்குப் போகும் பாதையில்தான் என் பயணத்தின் சிறந்த பத்து நிமிடம் அமைந்தது. பவுராக்கே என்பது ஒரு வகைப் பக்கி. பகலில் சருகுக்குள் சருகாகப் படுத்திருக்கும். பூங்காத் தன்னார்வலர் ஒரு பெண்மணி, எழுபது வயதிருக்கும், பாதையோரம் நின்று, “அந்தக் காய்ந்த குச்சியிலிருந்து இரண்டு கை அளவு இடப்பக்கம்” என்று எங்களுக்குக் காட்டினார். காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. “கண்ணை லேசா திறந்து நம்மளத்தான் பாக்குது” என்றார் அவர். ஐந்தடி தூரத்தில், சாம்பலும் பழுப்பும் கறுப்புப் புள்ளிகளுமாக, ஓர் இறகும் அசையாமல் இருந்த அதை நான் கண்டுபிடித்தபோது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் படுத்திருந்ததை அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினார். அவர் சம்பளம் வாங்காதவர். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்து தங்குகிறார்கள். ‘குளிர்கால டெக்சஸ்காரர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். பல பூங்காக்களின் அன்றாட வேலை அவர்கள் தோளில்தான் நடக்கிறது.

தீனி மேடைகளும் அவர்கள் பொறுப்பில் இருக்கின்றன. இதைப் பற்றி எனக்கு இரு மனம் உண்டு. மிஷன் நகருக்கருகே உள்ள பென்ட்சன் மாநிலப் பூங்காவில் குளிர்காலம் முழுவதும் பாதி ஆரஞ்சுப் பழங்களையும் நிலக்கடலை வெண்ணெயையும் தானியத்தையும் வைக்கிறார்கள். கிரீன் ஜே, அல்டமிரா ஓரியோல், கோழி போல் பெருங்கூச்சலிடும் சாச்சலாக்கா என எல்லாம் வந்து உண்கின்றன. கீழே சிந்தியதைத் தின்ன ஹவலீனா என்னும் காட்டுப்பன்றி போன்ற விலங்கும் வருகிறது. தீனி போட்டுப் பறவையை வரவழைப்பது நோக்குதலாகாது என்று பழகிய எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் மூட்டுவலி காரணமாக நெடுந்தூரம் நடக்க முடியாத என் மனைவி, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பறவைப் பயணத்தில் என்னைவிட அதிகம் பார்த்தது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான். பூங்காவுக்குள் கார் அனுமதி இல்லை. ட்ராமில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி விடுகிறார்கள். முதியவர்களோடு போகிறவர்கள் இந்தப் பூங்காவை முதலில் வைத்துக்கொள்ளலாம். அல்டமிரா ஓரியோலின் கூட்டையும் தவறவிடாதீர்கள்: தூக்கணாங்குருவிக் கூட்டின் அண்ணன் போல இரண்டடி நீளத்துக்குக் கிளை நுனியிலிருந்து தொங்கும். நிறம் ஒத்திருந்தாலும் அந்தப் பறவைக்கும் நம் மாங்குயிலுக்கும் குடும்ப உறவு இல்லை.

சாண்டா ஆனா தேசிய வனவிலங்குச் சரணாலயத்துக்கு நிகழ்ச்சிநிரலில் அரை நாள்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு முழு நாள் தந்திருக்க வேண்டும். 1943-ல் அமைந்த அதன் பரப்பு 2,088 ஏக்கர். மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தாடி போலத் தொங்கும் காடு, நாற்பதடி உயரக் காட்சிக் கோபுரம், மரக்கிளைகளின் உயரத்தில் கயிற்றுப் பாலம் எல்லாம் உண்டு. 1953-ல் இரு நாட்டு அதிபர்களும் சேர்ந்து திறந்துவைத்த பால்கன் அணை வந்த பின் ஆற்றில் பெருவெள்ளம் நின்றுபோனதால், வெள்ளத்தை நம்பி இருந்த இந்தக் காட்டின் குளங்களுக்கு இன்று நீரை இறைத்து விட வேண்டியிருக்கிறது. 2018-ல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய செலவினச் சட்டம், எல்லைச் சுவருக்கு ஒதுக்கிய பணத்தை இந்தச் சரணாலயத்துக்குள் பயன்படுத்தக் கூடாது என்று பெயர் சொல்லியே விலக்கு அளித்தது. பச்சை மீன்கொத்தியை நான் பார்த்தது இங்கே, பின்டெய்ல் ஏரிக்கரையில். பதினைந்து நிமிடம் அதன் முன் நிற்க முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வேன் புறப்படும் நேரம் ஆகிவிட்டது.

வழிகாட்டிக்குக் கொடுத்த பணம் வீண்போகாத இரண்டு நாட்கள் ஐந்தாவதும் ஆறாவதும். ஐந்தாம் நாள் விடியுமுன் புறப்பட்டு, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சலினேன்யோ என்ற சிற்றூருக்குப் போனோம். ஆறு அங்கே ஒரு கல்லெறி தூர அகலம்தான். எதிர்க்கரையில் மெக்சிகோக்காரர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், எங்கள் வழிகாட்டி கையசைத்தார், அவரும் கையசைத்தார். பெருநாணல் புதருக்குள் வாழும் மோரெலெட்ஸ் சீட்ஈட்டர் என்ற சின்னஞ்சிறு குருவியைத் தேடினோம். 2018-ல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். எந்த நாணல், எந்த மணி, எந்தக் குரல் என்று தெரிந்தவர் உடன் இல்லாவிட்டால் அதைக் காண்பது குதிரைக்கொம்பு. அது நாணலுச்சியில் ஏறி ஆடியபடி பாடிய அரை நிமிடத்தை எல்லோரும் பார்த்தோம். பிறகு ஆற்றங்கரை மேட்டில் தன்னார்வலர்கள் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரே பார்வையில் மூன்று வகை ஓரியோல்களைப் பார்த்தோம். தலைக்கு மேல் ரிங்டு கிங்ஃபிஷர் என்ற பெரிய மீன்கொத்தி ஆற்றின் குறுக்கே மெக்சிகோவுக்கும் திரும்ப டெக்சஸுக்கும் பறந்துகொண்டே இருந்தது. எந்த நாட்டுக் கணக்கில் அதை எழுதுவது என்று குழுவில் ஒரு விவாதம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஆறாம் நாள் கிங் ராஞ்ச். 8,25,000 ஏக்கர் பரப்புள்ள தனியார் கால்நடைப் பண்ணை. அனுமதி பெற்ற சுற்றுலாவாகத்தான் உள்ளே போக முடியும். கருவாலி மரத்தோப்பில் ஃபெருஜினஸ் பிக்மி ஆந்தையைக் காட்டினார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு; பின்னந்தலையில் கண் போல இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருப்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நம்மையே முறைப்பது போல இருக்கும். அதைவிட என்னைத் திகைக்கச் செய்தது, வேலியோரம் நிதானமாக நின்ற ஒரு நீலான். நம் நாட்டு மிருகம், 1930 வாக்கில் வேட்டைக்காக அந்தப் பண்ணையில் விடப்பட்டு, இன்று தெற்கு டெக்சஸ் முழுவதும் பெருகித் திரிகிறது. மற்றவர்கள் ஆந்தையின் மேல் ஸ்கோப்பை வைத்திருக்க, நாங்கள் இருவரும் ஊர்க்காரரைச் சந்தித்தது போல நீலானைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடற்கரைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காற்று பலமாக அடித்த நாள் எங்களுக்கு வாய்த்தது. லகுனா அடாஸ்கோசா சரணாலயத்துக்குப் போகும் வழியில் அப்லோமாடோ ஃபால்கனைப் பார்த்தோம். 1950களில் அமெரிக்காவில் இனப்பெருக்கம் நின்றுபோன அந்த வல்லூற்றை வளர்த்து மீண்டும் விட்டிருக்கிறார்கள். கம்பத்தின் மேல் அமைத்த கூட்டுப் பெட்டிக்குக் கம்பித் தடுப்பு உண்டு. வல்லூறு நுழையலாம், பெரிய கொம்பாந்தை நுழைய முடியாது. எளிய ஏற்பாடு, ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

மாலை நேரங்களை நிறுவனம் பயன்படுத்தவே இல்லை; நான்கரை மணிக்கே விடுதியில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நகரங்களுக்குள் அந்தி வேளையில் செந்தலைக் கிளிகள் நூற்றுக்கணக்கில் வந்து அடைகின்றன. பிரவுன்ஸ்வில் நகரின் ஒலிவேரா பூங்காவுக்கு நாங்கள் வாடகைக் கார் பிடித்துப் போய்ப் பார்த்தோம். வடகிழக்கு மெக்சிகோவின் இந்தக் கிளி தன் தாயகத்திலேயே அருகிவிட்டது. இங்கே வீட்டுக்கூரைகளுக்கு மேல் கூச்சல் போட்டுக்கொண்டு மின்கம்பியில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறது. பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் கிராக்கிள் என்ற நீள்வால் கறுப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அடையும் காட்சியும் அப்படியே. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

உணவு விஷயத்தில் சைவர்கள் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெக்சிகோ பாணி உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு, சுவையும் மிக நன்று. ஆனால் மசித்து வதக்கிய பயற்றில் பல இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்பதால் ‘மான்டேகா’ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நிறுவனம் தந்த மதிய உணவு ஏழு நாளும் ஒரே ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். அந்தப் பருவத்தில் கிடைக்கும் செந்நிறப் பம்ப்ளிமாஸ் பழம் எங்களைக் காப்பாற்றியது.

எல்லையோரம் என்பதால் அச்சப்பட வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். காவல் வண்டிகள் எங்கும் நிற்கின்றன. மண் பாதைகளில் பழைய டயர்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் புழுதியைச் சமன் செய்து, புதிய காலடித் தடம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தத் தடத்தில் நாங்களே முதல் நாள் அறியாமல் நடந்துவிட, காவலர் ஒருவர் வந்து பைனாகுலரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வேறு எந்தத் தொல்லையும் எங்களுக்கு நேரவில்லை. ஆற்றங்கரையில் கைபேசி மெக்சிகோ கோபுரத்துக்குத் தாவிவிடும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். வடக்கே ஹூஸ்டனுக்குக் காரில் திரும்பும்போது சரிட்டாவில் எல்லைக் காவலரின் சோதனைச் சாவடி உண்டு. ஆற்றைக் கடக்காதவர்களிடமும் குடியுரிமையைக் கேட்பார்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகள் டிக்கியில் அழுக்குத் துணிகளுக்கு அடியில் இருந்தன. அவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.